வெள்ளத்துக்குப் பிந்தைய திருப்பணி: வரிதாரர்களுக்கு நிறைவு அறிக்கை

உள்ளூரிலும் வெளியூர்களிலும் இருக்கும் கோயில் வரிதாரர்கள், உபயதாரர்கள் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் சேதமான நம் ஆற்றங்கரை அம்மன் கோயில், படித்துறை, மேட்டுத் தெரு ஊர்க்கூடம் மூன்றிலும் வேலை முடிந்து, வைகாசியில் கும்பாபிஷேகமும் நல்லபடியாக நடந்தேறிவிட்டது. வரவு செலவை இனவாரியாக அச்சடித்துத் தனித்தாளாக இணைத்திருக்கிறோம். கணக்கைப் பொறுத்தவரை அது போதும். ஆனால் வேலை நடக்கும்போதே கேள்விகள் நிறைய வந்தன. "இவ்வளவு செலவழித்தும் ஆற்றுப் பக்கம் ஒரு மதில்கூடக் கட்டவில்லையே?" என்பதுதான் அதிகம் பேர் கேட்டது. அதற்குப் பதில் சொல்லப் போய்த்தான் அறிக்கை கொஞ்சம் நீண்டுவிட்டது.

வெளியூரில் இருப்பவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். டிசம்பர் 17 அன்று பிடித்த மழை 18 காலைக்குள் காயல்பட்டினத்தில் மட்டும் 95 செ.மீ. கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தில் சராசரியாக ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதைவிட இது அதிகம். மேலே மலையிலும் மழை, கீழே சமவெளியிலும் மழை. தாமிரபரணி ஒரு பக்கம் ஏற, குளங்கள் உடைந்து இன்னொரு பக்கம் தண்ணீர் வந்தது. ஏரலில் பாலத்தை ஒட்டிய சாலையே அறுத்துக்கொண்டு போய் இரண்டு கரையும் துண்டானது. ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன செந்தூர் எக்ஸ்பிரஸில் ஏறத்தாழ 800 பயணிகள் மாட்டிக்கொண்டதையும், புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டு அவர்களுக்குச் சமைத்துக் கொடுத்ததையும் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். நம் ஊரில் கீழத்தெரு முழுக்க வீட்டுக்குள் தண்ணீர். தார் போட்டு நின்ற வாழை அப்படியே சாய்ந்தது. நட்டு முடித்த நெல்வயலில் மணல் ஏறியது. கட்டியிருந்த ஆடு மாடுகளை அவிழ்த்துவிடக்கூட நேரம் கிடைக்காத வீடுகள் உண்டு. கோயிலில் கருவறை நிலைப்படிக்கு மேல் ஆளுயரத்துக்குத் தண்ணீர் நின்றது.

சரி, மதில் விஷயத்துக்கு வருவோம்.

ஆற்றைப் பார்த்திருந்த பழைய மதில் விழுந்த விதத்தை நேரில் கண்டவர்கள் இருக்கிறார்கள். வெள்ளம் உச்சத்தில் இருந்தபோது அது விழவில்லை. உள்ளேயும் வெளியேயும் ஒரே மட்டத்தில் தண்ணீர் நின்றதால், இரண்டு பக்கத் தள்ளுதலும் ஒன்றுக்கொன்று ஈடாகிவிட்டது. ஆறு வடிய ஆரம்பித்த பிறகுதான் வினை. வெளித் தண்ணீர் மளமளவென்று இறங்கிவிட்டது. பிராகாரத்துக்குள் புகுந்த தண்ணீருக்குப் போக வழி இல்லை. அம்பாரமாக வந்து சேர்ந்திருந்த அமலைச்செடி (ஆகாயத்தாமரை), தண்ணீர் வெளியேற இருந்த ஒரே தூம்பையும் அடைத்துக்கொண்டது. தாங்கிப் பிடிக்க வெளியே ஒன்றும் இல்லாத சுவர், ஆற்றுப் பக்கமாகவே பெயர்ந்து விழுந்தது. படித்துறைப் பக்கச் சுவரின் கதையும் இதேதான். பின்னாலிருந்த கரைமண் நன்றாக ஊறிக் கனத்துக் கிடந்தது, முன்னால் ஆறு சட்டென்று இறங்கிவிட்டது, மண் சுவரைத் தள்ளிக்கொண்டு சரிந்தது. அதற்கு முன்பே ஓட்டம் சுவரின் அடியை அரித்து வைத்திருந்ததால் வேலை இன்னும் சுலபமாக முடிந்துவிட்டது.

இன்னும் உயரமாக, கான்கிரீட்டில் கட்டலாமே என்றார்கள். கட்டலாம். ஆனால் தேங்கிய தண்ணீர் சுவரைத் தள்ளும் விசை, உயரம் கூடும் அளவுக்கு மட்டும் கூடுவதில்லை. 3 அடித் தண்ணீர் 6 அடியானால் விசை நான்கு மடங்காகிவிடும். அதைத் தாங்குகிற சுவர் என்றால் அது கோயில் மதில் இல்லை, அணைக்கட்டு. அப்படியே கட்டினாலும் நம் மதிலில் மோதித் திரும்பும் தண்ணீர் எங்கே போகும்? கீழத்தெருவுக்குத்தான். அம்மனைக் காப்பாற்றக் கட்டும் சுவர் அம்மனின் பிள்ளைகள் வீட்டுக்குள் வெள்ளத்தைத் திருப்பிவிடக் கூடாது என்பதில் குழுவில் இரண்டு கருத்து இல்லை. கம்பிவேலி போடும் யோசனையையும் இதே காரணத்தால் விட்டுவிட்டோம். வெள்ளத்தில் வரும் செத்தையும் அமலையும் வேலியில் அப்பிக்கொண்டால் கொஞ்ச நேரத்தில் அதுவும் சுவர்தான்.

திருநெல்வேலி குறுக்குத்துறை முருகன் கோயிலை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் பெருகும்போதெல்லாம் முங்குகிறது. தண்ணீரைப் பிளந்து இரண்டு பக்கமும் ஒதுக்கிவிடும்படி அதன் முகப்பைப் படகின் முனை மாதிரி கட்டியிருக்கிறார்கள். வெள்ளம் வருகிறது என்று தெரிந்தால் உற்சவரையும் உண்டியலையும் கரைமேல் இருக்கும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டு வழக்கம்போலப் பூஜை. கைலாசபுரத்துத் தைப்பூச மண்டபமும் எத்தனையோ தடவை முங்கி எழுந்ததுதான். வெறும் கல்தூண்கள், தண்ணீர் ஊடே போய்விடும். ஆற்றோடு இருந்து பழகியவர்கள் கண்ட முறை இது. இதைவிட நமக்கு ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை.

அதனால் செய்தது இவ்வளவுதான். ஆற்றுப் பக்கம் திறந்த கல்தூண் வரிசை. மற்ற மூன்று பக்கமும் பழைய உயரத்திலேயே மதில், ஆனால் அடியில் விட்டு விட்டு அகலமான திறப்புகள். பிராகாரத் தரைக்கு ஆற்றை நோக்கி வாட்டம் கொடுத்திருக்கிறோம். படித்துறைச் சுவரின் பின்னால் மண்ணை வெட்டி எடுத்துவிட்டு ஜல்லி நிரப்பி, சுவரில் வரிசையாக வடிதுளைகள் வைத்தோம். ஊறிய தண்ணீர் ஆற்றோடு சேர்ந்தே இறங்கிவிடும். சுவரின் அடியில் பெரிய கற்களைச் சிமெண்ட் பூசாமல் பாவியிருக்கிறது. அரிப்பு வந்தால் கல் கொஞ்சம் இறங்கி இருந்துகொள்ளும், சுவர் நிற்கும். இதைப் பார்த்துவிட்டு "வேலை பாதியில் நிற்கிறதா?" என்று கேட்டவர்களுக்கு: இல்லை, அதுதான் வேலை. ஆற்றை ஒட்டிய பணி என்பதால் நீர்வளத்துறையின் அனுமதி வந்த பிறகே கடப்பாரை எடுத்தோம். தாமதத்துக்கு அது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் சுண்ணாம்பு. கோயிலுக்குள் வண்டலை வாரி வெளியே போட்டதும், உட்சுவரில் இடுப்பளவுக்கு வெள்ளையாக உப்பு பூத்திருந்தது தெரிந்தது. முந்தைய திருப்பணியில் பழைய செங்கல் சுவருக்கு மேல் சிமெண்ட் பூசி, அதன்மேல் எனாமல் பெயின்ட் அடித்திருந்தார்கள். சுவருக்குள் புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று செங்கல்லை உதிர வைத்துவிட்டது. விரலால் சுரண்டினால் செம்பொடியாகக் கொட்டியது. சிமெண்ட்டை முழுக்கக் கொத்தி எடுத்து, சுவரைக் கோடை முழுவதும் சும்மா காயவிட்டோம். அந்த மாதங்களில் வந்து பார்த்தவர்கள் வேலை நின்றுவிட்டதாக நினைத்ததில் தப்பில்லை. அப்புறம்தான் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புச் சாந்து. இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் இப்போது குறைவு, கூலியும் கூடுதல். கணக்குத் தாளில் அந்த இனம் பெரிதாகத் தெரிவதற்கு இதுவே காரணம். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தைப் பிடித்து வைக்காது. அடுத்த தடவை நனைந்தாலும் தானே காய்ந்துகொள்ளும்.

கல்மண்டபத் தூண்களின் பெயின்ட்டைப் பிரஷ்ஷாலும் தண்ணீராலும் கையாலேயே எடுத்தோம். இயந்திரத்தால் மணலைப் பீய்ச்சி எடுத்தால் சீக்கிரம் முடியும், ஆனால் கல்லின் மேல்தோலையும் எழுத்தையும் சேர்த்து அரித்துவிடும். கருவறை முன்னால் போட்டிருந்த வழவழ டைல்ஸையும் பெயர்த்துவிட்டுப் பழையபடி கல் பாவியாயிற்று. டைல்ஸுக்கு அடியில் அத்தனை மாதம் கழித்தும் தண்ணீர் நின்றதைப் பார்த்தவர்கள் இதற்கு மறுப்புச் சொல்லவில்லை. மின்வயர் எல்லாம் இப்போது கூரையிலிருந்து கீழே இறங்குகிறது. மீட்டர் பெட்டி வெள்ள மட்டத்துக்கு மேல் இருக்கிறது. ஸ்விட்ச் போட ஸ்டூல் தேவைப்படுகிறது என்று பூசாரி சொல்கிறார். அது உண்மைதான். ஸ்டூல் வாங்கிக் கொடுத்திருக்கிறோம்.

உபயப் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. படித்துறையில் பொறித்திருந்த பழைய பெயர்களில் பாதியை ஆறே தேய்த்துவிட்டது. இந்தமுறை வெள்ள மட்டத்துக்குக் கீழே யார் பெயரும் பொறிக்கப்படவில்லை. மொத்தப் பட்டியலும் ஊர்க்கூடத்து மாடிச்சுவரில் ஒரே அளவு எழுத்தில் இருக்கிறது. ஆற்றங்கரையில் பொறித்தது வெள்ளக் கோடுகள் மட்டும்தான். மண்டபத் தூணில் 2023 வெள்ளம் தொட்ட கோடு இருக்கிறது. அதற்குக் கீழே, பெரியவர்கள் காட்டிய இடத்தில், 1992 நவம்பர் வெள்ளத்துக்கும் ஒரு கோடு போட்டிருக்கிறோம்.

ஊர்க்கூடத்தைக் கோயில் பணத்தில் கட்டியது சரியா என்ற கேள்வி பொதுக்கூட்டத்திலேயே வந்தது. வெள்ளத்தன்று இரவு கீழத்தெரு மக்கள் ஏறி நின்ற இடம் அது ஒன்றுதான். அங்கே கூரை ஒழுகியது, சமைக்க இடமில்லை, கக்கூஸ் தொட்டியிலிருந்து தண்ணீர் பின்னால் ஏறியது. பெண்கள் பட்ட பாட்டை இங்கே விரித்து எழுத வேண்டியதில்லை. கூட்டத்தில் அவர்களே எழுந்து சொன்ன பிறகு தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

இப்போது சமையல்கட்டும் சாமான் அறையும் மாடியில். மாடிப்படி வெளிப்பக்கமாக இருப்பதால், யாரிடம் சாவி இருக்கிறது என்று இருட்டில் தேட வேண்டாம். கைப்பிடியோடு படிகள் தாழ்வாக இருக்கின்றன, வயதானவர்கள் ஏறலாம். கழிவுநீர்க் குழாயில் தண்ணீர் திரும்பி வராதபடி வால்வு போட்டாயிற்று. ஆழ்துளைக் கிணற்றின் குழாயை வெள்ளக் கோட்டுக்கு மேல் உயர்த்தி மூடியிருக்கிறது. வெள்ளம் வடிந்த பிறகு வரும் வயிற்றுப்போக்குக்கு முக்கியக் காரணம் கழிவுநீர் கலந்த குடிதண்ணீர்தான். மாடி அறையில் அரிசி, பருப்பு, பெரிய அண்டாக்கள், ப்ளீச்சிங் பவுடர், கயிறு, டார்ச் எல்லாம் இருக்கும். ஐப்பசி பிறப்பதற்குள் இருப்பைச் சரிபார்ப்பது மகளிர் குழுவின் பொறுப்பு. கோயில் கொடை விழாவுக்கு அண்டா வேண்டும் என்று எடுப்பவர்கள் திரும்ப அங்கேயே கொண்டுபோய் வைக்க வேண்டும். இதைக் கண்டிப்பாகவே சொல்கிறோம்.

ரேஷன் கார்டு, பட்டா, பிள்ளைகளின் சான்றிதழ் நனைந்து போனதால் நிவாரணத்துக்கும் பயிர் இழப்பீட்டுக்கும் அலைந்த வீடுகள் பல. நகல் கொடுத்தால் கூடத்து இரும்புப் பெட்டியில் வைத்துக்கொள்கிறோம். சிலர் மட்டுமே கொடுத்திருக்கிறார்கள்.

எச்சரிக்கை ஏற்பாடும் திருப்பணியின் ஒரு பகுதிதான். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்பது மட்டும் நமக்குப் போதாது. அணைகளுக்குக் கீழே கடனாநதியும் சிற்றாறும் வந்து சேர்கின்றன. மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகளில் கதவை மூடித் தேக்க முடிகிற வெள்ளமும் இல்லை இது. 2023-இல் கீழ்ப்பகுதியில் பெய்த மழையும் வெள்ளத்தைப் பெருக்கியது. ஆகவே மண்டபத்துத் தூண் கோட்டுக்குக் கீழே ஒரு சிவப்புப் பட்டை அடித்திருக்கிறோம். தண்ணீர் அதைத் தொட்டால், அறிவிப்பு வந்தாலும் வராவிட்டாலும், கோயில் ஒலிபெருக்கியில் சொல்லிவிடுவார்கள். உற்சவரும் வெண்கல மணியும் உண்டியலும் கூடத்துக்கு வரும், கீழத்தெரு ஆடு மாடுகள் மேட்டுக்கு ஏறும். மழைக்காலம் மார்கழியோடு முடிந்துவிடும் என்று நம்ப வேண்டாம். 2021-இல் பொங்கலை ஒட்டித்தான் ஆறு பெருகியது, அறுவடைக்கு நின்ற நெல் போனது.

வரி பற்றி: வீடும் பயிரும் போனவர்களுக்குத் தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயிலுக்குத் தரும் வரி) தள்ளுபடி என்று தீர்மானித்தோம். அவர்களில் பலர் அதை ஏற்காமல் ஆள் வேலையாகக் கொடுத்தார்கள். வண்டல் வாரியதும் ஜல்லி சுமந்ததும் பெரும்பாலும் அவர்கள்தான். கணக்குத் தாளில் கூலியாக வராத அந்த உழைப்பை வரவில் தனி இனமாகக் காட்டியிருக்கிறோம். சென்னை, மும்பை, வளைகுடாவில் இருக்கும் நம்மவர்கள் அனுப்பிய தொகை இல்லாமல் ஊர்க்கூடம் எழுந்திருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பாக்கி இருப்பவை இரண்டு. கருவறையின் பழைய தேக்குக் கதவு ஊறி உப்பிப் போனதால் நிழலில் காய்கிறது. ஆசாரி இன்னும் கை வைக்க வேண்டாம் என்கிறார். அதுவரை கம்பிக்கதவுதான். படித்துறையின் கடைசிப் படிகளுக்குப் பங்குனியில் ஆறு இறங்கினால்தான் வேலை பார்க்க முடியும். அதற்கான தொகை வங்கிக் கணக்கில் தனியாக இருக்கிறது.

கணக்கில் சந்தேகம் உள்ளவர்கள் அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன்பே பொருளாளரிடம் ரசீதுகளைப் பார்த்துக்கொள்ளலாம். இரும்புப் பெட்டியில் வைக்க ஆவண நகல் கொடுக்க வேண்டியவர்கள் கூட்டத்துக்கு வரும்போது கையோடு கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்