அவன் சுருதிக்கு நீ போ

அன்பு மகளுக்கு,

பேரன் பாடிய பதிவை மூன்று முறை கேட்டேன். "சுருதியே சேரவில்லை, இவனுக்குக் காது இல்லையா அப்பா?" என்று கேட்டிருந்தாய். நன்றாகவே இருக்கிறது. மெட்டு ஏறும் இடத்தில் அவன் குரலும் ஏறுகிறது, இறங்கும் இடத்தில் இறங்குகிறது. எவ்வளவு ஏறுவது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. நான்கு வயதில் அது குறையே இல்லை.

விளையாடும்போது தனக்குள் ஏதோ முனகிக்கொண்டிருப்பான். அந்த ஸ்வரத்தை நீ பிடித்துக்கொள். அவனை உன் சுருதிக்கு இழுக்காதே, அவன் சுருதிக்கு நீ போ. இரண்டு குரலும் ஒன்றிப்போகும் நொடியில் நிமிர்ந்து உன்னைப் பார்ப்பான். சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று அறிந்த பிள்ளைக்குத்தான் சேராததும் தெரியும். பிறகு மெல்ல ஒரு ஸ்வரம் மேலே நகர்ந்து பார். மாப்பிள்ளை பாடிக்காட்டினால் மேல் ஸ்தாயியில், மெலிந்த குரலில் பாடட்டும். ஆண்களின் இயல்பான சுருதி அந்தச் சின்னத் தொண்டைக்கு எட்டாத பள்ளம்.

'குரலை உயர்த்து' என்றால் நம் பேச்சில் சத்தமாகப் பேசு என்றுதான் பொருள். அதனால் 'மேலே பாடு' என்றால் கத்துவான். சொல்லி விளக்காதே. கீழ் ஸ்வரத்துக்குக் குந்தட்டும், மேல் ஸ்வரத்துக்கு நுனிக்காலில் நிற்கட்டும். முதலில் கீழ் ஸட்ஜமும் மேல் ஸட்ஜமும், அதாவது கீழ் 'ஸ'வும் மேல் 'ஸ'வும், போதும். பழகிய பின் மேல் ஸ்வரத்தை மெதுவாகவும் கீழ் ஸ்வரத்தை உரக்கவும் பாடு. சத்தம் வேறு, சுருதி வேறு என்பது தானே விளங்கும். ஒளிந்து விளையாடும்போது அவன் பெயரை 'ப' என்னும் பஞ்சமத்திலிருந்து 'க' என்னும் அந்தர காந்தாரத்துக்கு இறக்கிக் கூப்பிடு, அதே மெட்டில் பதில் சொல்லட்டும். ஹங்கேரியின் இசையமைப்பாளர் சோல்தான் கோடாய் (1882–1967) வழிவந்த இசைக்கல்வி முறையிலும் பிள்ளைகளுக்கு முதல் பாடம் இந்த இறக்கம்தான்.

ஒரே மாதிரி இரண்டு கண்ணாடி டம்ளர்களில் ஒன்றில் கொஞ்சமும் மற்றதில் நிறையவும் தண்ணீர் ஊற்று. எது மேல் ஸ்வரம் என்று முதலில் கேள். நிறைந்ததைத்தான் காட்டுவான். கரண்டியால் தட்டினால் அதுதான் கீழே ஒலிக்கும், தண்ணீரின் பாரம் கண்ணாடியின் அதிர்வை மந்தமாக்குவதால். அடுத்து இரண்டு பாட்டில்களில் அதேபோல ஊற்றி வாயருகே ஊதிக்காட்டு. இப்போது நிறைந்தது மேலே போகும். இங்கே அதிர்வது உள்ளே இருக்கும் காற்று. அது குறையக் குறைய ஸ்வரம் ஏறும். கண் சொன்னதை விட்டுவிட்டுக் காது சொன்னதை நம்பத் தொடங்கும் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் அம்மா!

கேட்டவுடன் ஸ்வரத்தின் பெயரைச் சொல்லும் திறன் மிகச் சிலருக்கே அமைகிறது. அதற்காக ஏங்காதே. ஸ்வரங்களுக்கு இடையிலுள்ள தூரம் தெரிந்தால் பாடிவிடலாம்.

ஒன்று மட்டும் வேண்டாம். உன் ஐந்தாவது வயதில், "தப்பு, மறுபடியும் பாடு" என்று வரிக்கு வரி உன்னை நிறுத்தினேன். ஒரு நாள் பாடுவதையே விட்டுவிட்டாய். நீ மறுபடி வாய் திறக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவனிடம் தொலைபேசியைக் கொடு. குரல் சற்றுத் தாமதித்து வருவதால் சேர்ந்து பாட முடியாது. அவன் முனகட்டும், விட்ட இடத்தில் நான் பிடித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா