ஐஸ் ஹாக்கி குழுவின் பெற்றோர் செயலவைக்கு: கழுத்துப் பட்டையோடு நிறுத்திவிடாதீர்கள்

வணக்கம்.

பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து சனிக்கிழமைதோறும் டாமன்சாரா ஐஸ் அரங்கத்துக்கு வேன் ஏறும் பிள்ளைகளில் என் மகனும் ஒருவன். பாதுகாப்புச் சாமான் வாங்க நீங்கள் வாட்ஸ்அப்பில் போட்ட பட்டியலைப் பார்த்தேன். அதில் இருந்தது ஒன்றே ஒன்று: பஞ்சு வைத்த கழுத்துப் பட்டை, இருப்பதிலேயே மலிவானது.

பஞ்சு அடியைத் தாங்கும், வெட்டைத் தாங்காது. நான் செம்பனைக் குலை வெட்டுகிறவன். தீட்டிய அரிவாள் முன்னால் சாதாரணத் துணி என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளைகள் போடும் ஸ்கேட் காலணியின் அடியில் இருப்பதும் தீட்டிய இரும்புதான்.

2023 அக்டோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆடிக்கொண்டிருந்த ஆடம் ஜான்சன், எதிரணிக்காரரின் ஸ்கேட் கழுத்தில் பட்டு இறந்தார். அதன் பிறகு அனைத்துலக ஐஸ் ஹாக்கி சம்மேளனம் தன் போட்டிகளில் கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கியது. ஆகவே கழுத்து முதலில் வருவது சரிதான். ஆனால் 2013இல் தொழில்முறை ஆட்டக்காரர் எரிக் கார்ல்சனுக்கு வெட்டுப்பட்டது குதிகால் தசைநாண். 2022இல் இன்னொரு தொழில்முறை ஆட்டக்காரர் எவாண்டர் கேனுக்கு மணிக்கட்டு. போன மாதப் பயிற்சியில் என் மகனின் காலுறை கணுக்காலுக்கு மேலே கிழிந்ததை நீங்களும் பார்த்தீர்கள். தோல் தப்பியது அவன் நல்ல நேரம்.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? அட்டையில் 'வெட்டுத் தாங்கும்' என்று அச்சடித்திருப்பது போதாது. துணி வெட்டை எவ்வளவு தாங்கும் என்று காட்டும், ஏ1 முதல் ஏ9 வரையுள்ள தரநிலை போட்டிருக்கிறதா என்று தேடுங்கள். ஏ5 என்றால், சோதனையில் அந்தத் துணியை அறுக்க பிளேடின் மேல் குறைந்தது 2,200 கிராம் சுமை வேண்டியிருந்தது என்று பொருள். நம் பிள்ளைகளின் எடை அதைவிடப் பல மடங்கு. அதனால் ஏ9 போட்டிருந்தாலும் வெட்டவே வெட்டாது என்று யாரும் நம்பிவிட வேண்டாம். கழுத்துக் காப்புக்கென்றே கனடாவில் பி.என்.கியூ 9415-370 என்ற தரம் இருக்கிறது. அந்த முத்திரை உள்ளதாக வாங்குங்கள்.

அப்புறம், வளர்கிற பிள்ளை என்று இரண்டு சைஸ் பெரிதாக எடுக்கும் நம் வழக்கம் பள்ளிச் சட்டையோடு போகட்டும். முழு உடுப்பும் போடவைத்து, கையைத் தூக்கி, குனிந்து நிமிரச் சொல்லுங்கள். கையுறைக்கும் முழங்கைக் காப்புக்கும் நடுவில் தோல் தெரிந்தால் அங்கேதான் ஆபத்து.

அம்மாமார்களுக்கு ஒரு வார்த்தை: வெட்டுத் தாங்கும் துணியில் சேர்க்கும் கெவ்லார் இழைக்குக் குளோராக்ஸ் மாதிரி வெளுக்கும் மருந்தும் ஆகாது, கொளுத்தும் வெயிலும் ஆகாது. நிழலில் காயப்போடுங்கள்.

பணம் பற்றாது என்பீர்கள். பெயர் அச்சடித்த புது ஜெர்சியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்து, வெட்டுத் தாங்கும் காலுறையும் மணிக்கட்டு உறையும் முதலில் வாங்கலாமே. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு அந்தக் கிழிந்த காலுறையைக் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்