சூறைக்குருவிகள் போகும்வரை பொறுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வலசைப் பறவை பார்க்க வேண்டுமென்றால் வேடந்தாங்கலுக்குத்தான் போக வேண்டும் என்று எங்கள் வேலூர்ப் பக்கத்தில் பலரும் நினைக்கிறார்கள். காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம், மைனா இனத்து வலசைப் பறவைகளான சூறைக்குருவிகள் அடையும் ஏரி ஒன்று தெரிந்திருந்தால், தை, மாசியில் பொழுது சாய்கிற நேரத்துக்குக் கரைமேல் போய் நின்றால் போதும்.

வயல்களிலிருந்து பத்தும் இருபதுமாக வந்து சேரும். வந்தவுடன் மரத்தில் இறங்காது. வானத்திலேயே ஒன்றுகூடி, விரிந்து, சுருங்கி, ஒரு பக்கம் கறுத்து மறுபக்கம் மெலிந்து சுழன்றுகொண்டே இருக்கும். தலைக்கு மேலே திரும்பும்போது இறக்கைச் சத்தம் சோவென்று கேட்கும். வல்லூறு புகுந்துவிட்டால் கூட்டம் சட்டென்று இறுகிவிடும். தனியாகப் பிரிகிற குருவிக்குத்தான் ஆபத்து. இத்தனைக்கும் தலைமைப் பறவை என்று எதுவும் கிடையாது. இவற்றின் உறவினமான ஐரோப்பிய ஸ்டார்லிங் பறவைகளை ரோம் நகரில் படமெடுத்து ஆராய்ந்தவர்கள், ஒவ்வொரு பறவையும் அருகிலுள்ள ஆறேழு பறவைகளை மட்டும் கவனித்துத் திரும்புகிறது என்று 2008-ல் எழுதினார்கள். அதைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போது எனக்கு வியப்பு கூடத்தான் செய்கிறது.

சூறைக்குருவிகள் மத்திய ஆசியாவின் புல்வெளிகளில் கற்குவியல் இடுக்குகளில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகின்றன. சோளம், கம்பு விளைந்த கொல்லையில் இறங்கினால் சேதம்தான், விவசாயிகளின் கோபம் நியாயமானது. ஆனால் வெட்டுக்கிளியையும் புழுவையும் தின்பவையும் இவைதான். சீனாவின் சிஞ்சியாங்கில் வெட்டுக்கிளியை ஒழிக்க இவற்றுக்குக் கற்களால் கூடு கட்டித் தருகிறார்கள்.

சரி, நான் எழுத வந்த விஷயம் இதுதான். எங்கள் பக்கத்து ஏரி ஒன்றில் போன தை மாதம் பொக்லைன் விட்டு, சீமைக்கருவேலத்தை ஒரே மூச்சில் வேரோடு பிடுங்கினார்கள். மறுநாள் சாயங்காலமும் குருவிகள் வந்தன. இருட்டும்வரை சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு எங்கோ போய்விட்டன. சீமைக்கருவேலம் ஏரியைக் கெடுக்கிறது, எடுக்கத்தான் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இராத்தங்க இந்தக் குருவிகளுக்கு முள் அடர்ந்த மரம் வேண்டும். நம் ஏரிகளில் இன்று அப்படி மிச்சமிருப்பது பெரும்பாலும் சீமைக்கருவேலம்தான்.

சித்திரை முடிவதற்குள் சூறைக்குருவிகள் ஊர் திரும்பிவிடும். அப்புறம் வெட்டினால் என்ன? மழைக்கு முன்பு தூர்வார அப்போதும் நாள் இருக்கிறது. அதையும் ஒரே வருடத்தில் மொட்டையடிக்காமல், ஒரு பக்கம் எடுத்து அங்கே நாட்டுக் கருவேலம் வைத்து, அது வளர்ந்த பிறகு மறுபக்கம் எடுக்கலாம். டெண்டர் விடும்போதே இந்த நிபந்தனையைச் சேர்க்கும்படி ஊராட்சிகளையும் நீர்வளத் துறையையும் கேட்டுக்கொள்கிறேன். இந்த வருடக் கூட்டம் வருவதற்குள் இக்கடிதத்தை வெளியிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காட்பாடி