சேனை வைக்கப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே "மீட்டிங் இருக்கும்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் தாளில் எழுதி, அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட அப்பாவிடம் சொல்கிறேன். கையெழுத்து புரியாவிட்டால் மட்டும் கூப்பிடு.

பொங்கலுக்கு வந்தபோது எடுத்துப்போன சேனையைச் சமைத்ததில் எல்லோருக்கும் நாக்கு அரித்தது, பாப்பா அழுதே விட்டாள், மருமகள் இனி அந்தக் கிழங்கே வேண்டாம் என்கிறாள் என்றாய். அவள் சொல்வதில் என்ன தப்பு? தையில் தோண்டியதைத் தையிலேயே வெட்டினால் அரிக்கத்தான் செய்யும். உன் அப்பாயி புதுச் சேனையை அடுப்பங்கரைப் பக்கமே விடமாட்டார்கள். பரணில் மணல் பரப்பி, ஒன்றோடொன்று இடிக்காமல் அடுக்கி, மாசி போய்த் தோல் சுருங்கின பிறகுதான் ஒவ்வொன்றாக இறக்குவார்கள். பொங்கல் குழம்புக்கு மட்டும் புதுக் கிழங்கு உண்டு. அதில் புளி தூக்கல், சேனையும் நாலு துண்டுதான், பூசணி, மொச்சை, அவரையோடு அதுவும் கரைந்துபோகும்.

கிழங்குக்குள் கால்சியம் ஆக்சலேட் என்று ஒரு உப்பு ஊசி ஊசியாக, கட்டுக்கட்டாக இருக்கிறதாம். அது நாக்கிலும் கையிலும் குத்துவதைத்தான் நாம் அரிப்பு என்கிறோம் என்று வேளாண்மை அலுவலர் ஒருவர் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அதே உப்புதான் சிறுநீரகக் கல்லிலும் இருக்கிறது. அப்பாவுக்குக் கல்லடைப்பு வந்து போனதிலிருந்து சேனை வைத்தால் அவருக்கு ரெண்டு துண்டுக்கு மேல் வைப்பதில்லை. அதற்கு அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது தனிக் கதை.

சரி, சமைக்கிற பக்குவம். வெட்டுவதற்கு முன் கிழங்கைக் கழுவாதே. மண்ணைக் கத்தி முதுகால் சுரண்டிவிட்டு, உலர்ந்த கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, தோலை நன்றாகக் கனமாகவே சீவு. மிச்சம் பிடித்து மெல்லிசாகச் சீவுகிறவர்களுக்குத்தான் அரிப்பு. நறுக்கியதை அரிசி களைந்த தண்ணீரில் போட்டு ரெண்டு தடவை அலசு. அப்புறம் புளித்தண்ணீர், மஞ்சள்தூள், உப்பு சேர்த்துத் திறந்த பாத்திரத்தில் வேகவிடு. குக்கர் வேண்டாம், ஒரு விசில் கூடினாலும் களியாகிவிடும். கத்தி நுனி உள்ளே இறங்கும்போது கொஞ்சம் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும், அதுதான் வறுவலுக்குப் பதம். குழம்புக்கு என்றால் இன்னும் கொஞ்சம் வேகலாம். வெந்த தண்ணீரைக் கட்டாயம் வடித்துக் கொட்டிவிடு. சத்து போய்விடும் என்று உன் பெரியம்மா மாதிரி அதை ரசத்தில் ஊற்றாதே.

வறுவலுக்கு விரல் கனத்தில் வில்லை போடு. சோம்பு, மிளகு, பூண்டு அரைத்த விழுதோடு மிளகாய்த்தூள், உப்பு, ஒரு கை அரிசிமாவு சேர்த்துப் பிசிறி அரை மணி நேரம் ஊறட்டும். இரும்புத் தோசைக்கல்லில் கடலெண்ணெய் ஊற்றி வில்லைகளைப் பரப்பித் தீயைக் குறைத்துவிடு. அதற்கப்புறம் அதைக் கிளறாதே. அவசரப்பட்டுத் திருப்பினால் மசாலா கல்லோடு போகும், கிழங்கு வெள்ளையாக வரும். ஓரம் கறுத்து, தானாகக் கல்லை விட்டுக் கழன்றுகொள்ளும். அப்போது திருப்பு. இது நம் ரசஞ்சோற்றுக்குத்தான் பொருத்தம். உங்கள் வீட்டில் சப்பாத்திக்கு வைத்துக்கொள்கிறீர்களாம், பாப்பா சொன்னாள். எப்படியோ சாப்பிட்டால் சரி.

பிடிகருணை கிடைத்தால் அதன் வழி வேறு. தோலோடு முழுசாக வேகவைத்து, ஆறின பிறகு உரிக்க வேண்டும். சின்ன வெங்காயம், பூண்டு போட்டுப் புளிக்குழம்பு வைத்தால் மறுநாள்தான் ருசி. மசியல் உனக்கு ஆகாது, அதை விடு.

இனி நீ கேட்ட விஷயம், சேனை நடுவது. வீட்டுக்கு முன்னால் தரையில் வேண்டாம். முடிச்சூர்ப் பக்கம் ஐப்பசியில் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று நீயே சொல்கிறாய். சேனைக்கு மற்ற எதுவும் பொறுக்கும், காலடியில் தண்ணீர் நின்றால் மட்டும் அழுகிவிடும். இங்கேயே பார், வயலில் களிமண், அங்கே யாரும் சேனை போடுவதில்லை. கொல்லையில் மேடாக இருக்கிற மணல் கலந்த மண்ணிலும் ஆற்றுப் படுகையிலும்தான் போடுவார்கள். உனக்கு மாடியில் சாக்குதான் சரி. 25 கிலோ அரிசிச் சாக்குகள் போதும். அடியில் நிறைய ஓட்டை போட்டு, மண், மணல், மக்கின சாணி எரு கலந்து பாதிக்குக் கொஞ்சம் மேல் நிரப்பு. மேலே இடம் விட்டு வை, செடி வளர வளர மண் அணைக்க வேண்டும்.

கிழங்கைத் துண்டு போடும்போது ஒன்றைக் கவனி. நடுவில் குழியில் முளை இருக்கும். ஒவ்வொரு துண்டிலும் அந்த முளையில் ஒரு பங்கு சேர்ந்து வர வேண்டும், அதனால் நடுவிலிருந்து ஓரத்துக்கு வெட்டு. துண்டு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை இருக்கலாம். சாணியைக் கரைத்து அதில் முக்கி, நிழலில் ஒருநாள் காயவிட்டு, முளை மேலே பார்க்க வை. பங்குனிக் கடைசி, சித்திரையில் நட்டால் மார்கழி, தையில் எடுக்கலாம். தரையில் நடுகிறவர்களுக்கு மூன்றடிக்கு மூன்றடி இடைவெளி என்று திருவனந்தபுரம் கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தார் சொல்கிறார்கள். உனக்கு ஒரு சாக்குக்கு ஒன்று, அவ்வளவுதான்.

நட்ட பிறகு ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஒன்றுமே தெரியாது. தோண்டிப் பார்க்காதே! வைக்கோலோ காய்ந்த சருகோ மேலே மூடி, கத்திரி வெயிலில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் தெளி. முளைத்து வருவது ஒரே தண்டு, பாம்புத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கும். பாப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவை. அதன் உச்சியில் ஒரே இலைதான் பல கிளையாகப் பிரிந்து விரியும். அந்த இலை பழுத்துச் சாய்ந்தால் தண்ணீரை நிறுத்து, கிழங்கு முற்றிவிட்டது.

முற்றின கிழங்கை மூலையில் மறந்துவிடாதே. ஒரு வருஷம் நெல் மூட்டைக்குப் பின்னால் உருண்டுபோன ஒன்று அங்கேயே பூத்துவிட்டது. வீடு முழுக்கச் செத்த எலி நாற்றம். அப்பா ஓட்டைப் பிரித்து எலி தேடினார், நான் பரணை ஒழித்தேன். கடைசியில் ஈ மொய்க்கிற இடத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தது பக்கத்து வீட்டு அக்கா. கருஞ்சிவப்பாக, வாணலி அகலத்துக்குப் பூ. அந்த நாற்றமே ஈயையும் வண்டையும் கூப்பிடத்தானாம்.

இங்கே நோய், பூச்சி என்று பெரிதாக ஒன்றும் வந்ததில்லை. 2018 நவம்பர் 16 கஜா புயல் அடித்தபோது கொல்லையில் தென்னையும் வாழையும் மொத்தமாகப் போனது உனக்கு நினைவிருக்கும். கரண்ட் இல்லாமல், காய்கறிக் கடை திறக்காமல் இருந்த அந்த நாட்களில் மண்ணுக்குள் இருந்த சேனையைத்தான் தோண்டித் தோண்டித் தின்றோம். புதுக் கிழங்குதான், அரித்தது, அன்றைக்கு யார் அதைப் பார்த்தார்கள்.

நம் வீட்டில் இருப்பது நாட்டு ரகம். அரிக்காத ரகமாகவே வேண்டுமென்றால் ஆந்திராவில் கொவ்வூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த கஜேந்திரா என்று ஒன்று இருக்கிறது, விதைக் கிழங்கு விசாரித்துப் பார். பெரிதாக வரும், எனக்கென்னவோ அதில் ருசி குறைச்சல் மாதிரிதான் படுகிறது.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உன் மாமா மன்னை எக்ஸ்பிரஸில் வருகிறார். பையில் நீலத் துணியில் கட்டியிருப்பது நடுவதற்கு, பேப்பரில் சுற்றியிருப்பது சமைக்க. சமைக்க வைத்ததும் பழையதுதான், பயப்படாமல் வெட்டலாம். விடியற்காலை தாம்பரத்தில் வண்டி கொஞ்ச நேரம்தான் நிற்கும், நீயே ஸ்டேஷனுக்குப் போய் வாங்கிக்கொள். போன தடவை கொடுத்தனுப்பிய எவர்சில்வர் தூக்கை மறக்காமல் அவரிடமே திருப்பிக் கொடு.

அன்புடன்,
அம்மா