மயினிக்கு, பாகு இறக்குறதுக்கு முன்னால

மயினி,

நாளையோட என் கல்யாணத்துக்கு எட்டு வருஷம். எல்லா வருஷமும் நீங்க அண்ணன் போன்ல இருந்து வாழ்த்து அனுப்புவீங்க, நான் ஒரு கும்பிடு அனுப்புவேன், அதோட முடிஞ்சிரும். இந்த வருஷம் நான் முந்திக்கிறேன்.

உங்க தங்கச்சி ரிசப்ஷனுக்கு முந்திரிக்கொத்து, அதான் நம்ம பயறும் கருப்பட்டியும் சேர்த்து உருட்டிப் பொரிக்கிற பலகாரம், போட்டுத் தர முடியுமான்னு அண்ணன்கிட்ட சொல்லிக் கேட்டிருந்தீங்க. மூணு வாரமா பதில் சொல்லல. இப்ப சொல்றேன், வாறேன். தேதிக்கு நாலு நாள் முன்னாலயே எல்லைக்கு அந்தப் பக்கம் உங்க பாறசாலையில இருப்பேன். இதை போன்ல சொல்லாம ஊரறிய எழுதுறதுக்குக் காரணம், அன்னைக்கு நடந்ததும் ஊர் முன்னாலதான்.

முதல்ல கணக்கு. முந்நூறு பெட்டி, பெட்டிக்கு ஒரு கொத்து, கொத்துக்கு மூணு உருண்டைன்னா 900 உருண்டை. நெல்லிக்காய் அளவுக்குப் பிடிச்சா ஒரு கிலோ பயத்தமாவுக்கு ஏறக்குறைய 100 வரும். ஆக 9 கிலோ மாவு வேணும். பயத்தந்தோல், அந்தத் தொலி போறது, உடையுறது, சமைக்கிற கொட்டகை, அந்த ஆக்குப்புரை வாசல்ல நிக்கிற பிள்ளைங்களுக்குக் கொடுக்குறது எல்லாம் சேர்த்து 11 கிலோ சிறுபயறு வாங்கச் சொல்லுங்க. கருப்பட்டி கிலோவுக்கு முக்கால் வீதம் 7 கிலோ. அரிக்கும்போது மண்ணும் தூசியும் போகும், அதனால 8. தேங்காய் கிலோவுக்கு ஒண்ணு, ஈத்தாமொழிக் காய் கிடைச்சா நல்லது. எள்ளு ஒரு கிலோ. ஏலக்காயும் சுக்கும் நூறு நூறு கிராம். மேல்மாவுக்குப் பச்சரிசி மாவு 3 கிலோ, மைதா ஒன்றரை, நிறத்துக்கு மஞ்சப்பொடி, ஒரு கை உப்பு. தேங்காயெண்ணெய் 8 லிட்டர். அதுல அஞ்சு லிட்டர் உருளிக்கு, மூணு மாத்துறதுக்கு. மாத்துறதுக்குன்னு ஏன் தனியா எழுதுறேன்னு உங்களுக்குத் தெரியும்.

பயறு வறுக்குறதைப் பத்தி உங்களுக்கு நான் சொல்ல ஒண்ணுமில்ல. கூட ஒத்தாசைக்கு வர்றவங்களுக்கு மட்டும் ரெண்டு சொல்லுங்க. மில்லுல ஒரே தடவையில பொடிச்சுக் கொண்டுவரக் கூடாது. முதல்ல உடைச்சு, சொளவுல புடைச்சுத் தொலியைப் போக்கிட்டு, அப்புறம்தான் ரவை மாதிரி திரிக்கணும். தொலி நின்னா வாயில தட்டும், உருண்டையும் சரியா ஒட்டாது. தேங்காய்த் துருவல் கையில எடுத்தா உதிரணும், அதுவரைக்கும் வறுக்கணும். வாசனை வந்துட்டுன்னு அவசரப்பட்டு இறக்கினா உள்ளே ஈரம் நிக்கும், நாலாம் நாள் சிக்கு வாடை அடிக்கும். ரிசப்ஷனுக்கு வந்தவங்க பெட்டியை அன்னைக்கே திறக்க மாட்டாங்க. வெளியூருக்குக் கொண்டுபோய், பத்து நாள் கழிச்சு யாருக்காவது நீட்டுவாங்க. அந்தப் பத்தாம் நாளைக்கும் சேர்த்துத்தான் நாம வறுக்குறோம்.

இனி பாகு.

அந்த ராத்திரியை நான் எத்தனை தடவை நினைச்சுப் பார்த்திருப்பேன்னு கணக்கில்ல. ஐப்பசி மழை. கருப்பட்டி ரெண்டு நாளா காத்துல கிடந்து வேர்த்திருந்துச்சு. அரிச்சு அடுப்புல ஏத்தினதும் நீங்க சொன்னீங்க, மூணு ஈடாப் பிரிச்சுச் செய்யலாம், மூணு கிலோ மாவுக்கு ஒரு பாகு, அஞ்சு பேர் கை வச்சா சூடு ஆறுறதுக்குள்ள முந்நூறு உருட்டிரலாம்னு. எனக்கு மருதாணிக்காரி வந்து திண்ணையில காத்துக்கிட்டிருந்தா. ஒரே உருளியில போட்டு முடிப்போம்னு சொன்னது நான். நீங்க மறுத்துப் பேசல. சட்டுவத்தைத் தூக்கி விரல்ல தொட்டுப் பார்த்தீங்க. கம்பி இழுபட்டுச்சு, ஆனா நிக்கல, பாதியில அறுந்துச்சு. "ஆயிட்டில்ல மோளே, கொஞ்சம் கூட"ன்னு சொன்னீங்க, இன்னும் பதம் வரல, கொஞ்ச நேரம் போகட்டும்னு. வேற யாரும் கேக்கல. நான் துணியைச் சுத்தி உருளியை இறக்கிட்டேன்.

ஏன் இறக்கினேன்னு இப்ப நியாயம் சொல்லலாம். மணி பத்தாகிட்டு. மருதாணி ராத்திரியே இட்டாத்தான் நிறம் பிடிக்கும். பாகு முறுகிட்டா உருண்டை கல்லாயிடும்ங்கிற பயமும் உண்மையாவே இருந்துச்சு. அதுவும் நடக்குறதுதானே, பதம் தாண்டின பாகு மாவுல விழுந்த மறுநிமிஷமே இறுகிப்போகும், பிடிக்கவே வராது. ஆனா அன்னைக்கு அது தாண்டல, எட்டவே இல்ல. எட்டாத பாகுல தண்ணி மிச்சமிருக்கும். சூட்டுல உருட்டும்போது ஒண்ணும் தெரியாது, உருண்டை அழகாத்தான் நிக்கும். மறுநாள் காய்ஞ்சதும் நூல் மாதிரி விரிசல் விடும். மேல்மாவுல முக்கி எண்ணெயில விட்டா உள்ளே இருக்குற ஈரம் ஆவியாகி வெடிச்சு வெளியே வரும். மாவு எண்ணெயில கரைஞ்சு, நுரைச்சு, கருகி, அந்த எண்ணெயே கசந்துபோகும். அடுத்த ஈடு நல்லா இருந்தாலும் கசப்பு ஏறிக்கும்.

மறுநாள் சாயங்காலம் முதல் ஈட்டுல ஆறு கொத்து, ஆறும் பிரிஞ்சுது. ரெண்டாவது ஈடும் அப்படியே. காய்கறி வெட்ட வந்தவங்க எல்லாரும் ஆக்குப்புரையில நின்னாங்க. அப்ப ஒருத்தங்க ஒரு வார்த்தை சொன்னாங்க. அது என்னன்னும் யாருன்னும் இங்க எழுதப் போறதில்ல, அவங்களும் இதை வாசிப்பாங்க. உங்க ஊரை வச்சுச் சொன்னதுன்னு மட்டும் எழுதுறேன். 1956 நவம்பர் 1-ல இது தமிழ்நாடு, அது கேரளான்னு கோடு போடுறதுக்கு முன்னால விளவங்கோடும் கல்குளமும் நெய்யாற்றின்கரையும் ஒரே ஆட்சியில இருந்த ஊர்கள்தான். திருவனந்தபுரம் பக்கமும் இதே பலகாரத்துக்கு இதே பேர்தான். எல்லையில இருக்குற களியக்காவிளை தாண்டினா கருப்பட்டிக்கு வேற பதமா வருது?

நான் அங்கதான் ஸ்டூல்ல உக்காந்திருந்தேன், ரெண்டு கையிலயும் இரண்டாம் பூச்சு மருதாணியோட. பாகை இறக்கினது நான்னு சொல்ல ஒரு நிமிஷம் போதும். சொல்லல. நீங்க என்னைப் பார்த்தீங்க, அப்புறம் அடுப்பைப் பார்த்தீங்க. "பாகு எனக்குத் தப்பிட்டு"ன்னு சொன்னீங்க.

அந்த மூணு சொல்லைத்தான் திருப்பித் தர வந்திருக்கேன். பாகு உங்களுக்குத் தப்பல மயினி. பதம் வரலன்னு சொன்ன ஒரே ஆள் நீங்கதான். இறக்கினது நான். இதை வாசிக்கிற எங்க வீட்டு ஆட்கள் எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும்.

அதுக்கப்புறம் நீங்க செஞ்சதையும் எழுதியாகணும், ஏன்னா அதுதான் சரியான வழி. எண்ணெயை முழுசா மாத்தினீங்க. எல்லா உருண்டையையும் உடைச்சு உதிர்த்தீங்க. ஒரு கிலோ பயறு புதுசா வறுத்துத் திரிச்சு அதுல கலந்தீங்க, ஈரத்தை இழுக்க. பிறகு ஒன்றரைக் கிலோ கருப்பட்டியில கம்பி அறாம நிக்கிற பாகு வச்சு, மூணு பங்காப் பிரிச்சு, சூட்டோட ஊத்திப் பிசைஞ்சு உருட்டினீங்க. ஓலைப்பாயில பரத்தி, மழைக்காலம்னு பக்கத்துல கனல்சட்டி வச்சு விடியுறவரைக்கும் காயவச்சீங்க. பொரிக்கும்போது மேல்மாவை தோசைமாவை விடக் கெட்டியாக் கரைச்சீங்க. மூணு உருண்டையை மூணு விரலால சேர்த்துப் பிடிச்சு முக்கி, உருளி ஓரமாப் பைய விட்டீங்க. எண்ணெய் ஆறியிருந்தா மாவு விரிஞ்சு எண்ணெய் குடிக்கும், புகைஞ்சா மேலே சிவந்து வெடிக்கும், அதனால விறகை இழுத்து இழுத்து விட்டீங்க. மஞ்சள் நிறம் மாறாம எடுத்த அந்தக் கொத்தைத்தான் எல்லாரும் என் ரிசப்ஷன் அழகுன்னு சொன்னாங்க. மண்டபம் வேண்டாம், தெர்மோகோல் எழுத்து வேண்டாம், எல்லாம் கையால செய்யணும்னு நின்னது நான். ராத்திரி முழுக்க உழைச்ச கை உங்களோடது.

ஆனா ஒண்ணு கேக்கணும். ஏன் அப்படிச் சொன்னீங்க? நான் வாயைத் திறக்கலன்னா நீங்க திறந்திருக்கலாம். கல்யாணப் பொண்ணை நாலு பேர் முன்னால நிறுத்தக் கூடாதுன்னு நினைச்சிருப்பீங்க, சரி. ஒரு மாசம் கழிச்சாவது என்கிட்ட கேட்டிருக்கலாமே? அதுக்குப் பதிலா எங்க வீட்டு உருளியை மறுபடி நீங்க தொடவே இல்ல. ஓணத்துக்கு அடைப்பிரதமன்கூட வெளியில சொல்லி வாங்கினீங்க. ஒவ்வொரு தடவை அந்தத் தூக்குவாளியைத் திறக்கும்போதும் எனக்குத் தொண்டையில இறங்கல. அதைக் கோபம்னு சொல்ல முடியாத மாதிரி இருந்தீங்க, அதுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. அண்ணனை இதுல நான் இழுக்கல, அது உங்க ரெண்டு பேர் காரியம்.

அப்புறம் அந்த ஓலை நறுக்கு.

தங்கச்சி பெட்டிக்கெல்லாம் பேர் எழுதிக் கட்டணும்னு ஆசைப்படுறான்னு கேட்டேன். செய்யலாம். பனை ஓலைக் குருத்தை வேகவச்சு நிழல்ல உலர்த்தி, மூணு அங்குல நீளத்துல நறுக்கணும். பச்சையா நறுக்கினா காயும்போது சுருண்டுக்கும். ஜெல் பேனா ஓலையில நிக்காது, கை பட்டா இழுகும். அழியாத மார்க்கர்தான் சரி, அதுலயும் மெல்லிசு நுனி. துளை நுனிக்கு ரொம்பப் பக்கத்துல போட்டா கிழியும். வாழைநாரை நனைச்சுக் கட்டணும், காய்ஞ்ச நார் முடிச்சுலயே ஒடியும்.

இதெல்லாம் சுலபம். பட்டியல்தான் கஷ்டம். பேர் எழுதாத பெட்டியில யாருக்கும் குறை வராது. பேர் எழுத ஆரம்பிச்சிட்டா, விட்டுப்போன ஒரு பேர் போதும். எனக்கு அது நடந்துச்சு. அந்த வருஷம்தான் நீங்க தமிழ் எழுத்துப் பழகினீங்க. ழகரத்துக்கு வால் எந்தப் பக்கம்னு என்கிட்ட கேட்டுக் கேட்டு, எல்லாப் பேரையும் நீங்கதான் எழுதினீங்க. என் பட்டியல்ல உங்க அம்மா பேர் இல்ல. வந்து வாழ்த்திட்டு, பேர் எழுதாத பெட்டியோட பஸ் ஏறினாங்க. எனக்கு மூணாம் நாள்தான் தெரிஞ்சுது. நீங்க எழுதும்போதே பார்த்திருப்பீங்க. ஒரு நறுக்கு அதிகமா எழுத எவ்வளவு நேரம் மயினி? "உங்க அம்மா பேர் எங்கே"ன்னு நான் கேக்கணும்னு காத்திருந்தீங்களா? கேக்காதது என் தப்பு. சொல்லாதது யார் தப்புன்னு எட்டு வருஷமாத் தெரியல.

இந்தத் தடவை பட்டியலை ரெண்டு வீட்டுலயும் தனித்தனியா எழுதி ஒத்துப் பாருங்க. எழுதாத நறுக்கு ஒரு முப்பதும், மார்க்கர் ரெண்டும் வாசல் மேசையிலயே இருக்கட்டும்.

பெட்டிக்குள்ள நாம விரிச்ச வாட்டின வாழையிலை வேண்டாம். பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா விடியும்போது வேர்த்துக் கொத்தோட மேல்பக்கம் நமுத்துப்போச்சு. எண்ணெய் இழுக்காத தாளை அளவா வெட்டி விரிப்போம். பொரிச்சதை முறத்துல முழுசா ஆறவிட்டுட்டுத்தான் மூடணும்.

மேடைக்குத் தோவாளை மாணிக்கமாலை சொல்லியிருக்கீங்கன்னு அண்ணன் சொன்னார். நல்ல காரியம். 2025-ல புவிசார் குறியீடும் கிடைச்சிருக்கு. ஆனா அது அரளிப்பூவும் நொச்சி இலையும் வச்சுக் கட்டுறது. அரளி விஷம், அதோட பாலும் ஆகாது. மாலையைத் தொட்ட கையோட யாரும் பலகாரத்துப் பக்கம் வரக்கூடாது. வெளம்புற மேசைக்கு மேல தொங்கவும் விடாதீங்க. அங்க உங்க குருத்தோலைக் கிளியே போதும். அதுல எனக்கு வேலை இல்ல, நீங்க மடிக்குற மாதிரி எனக்கு இன்னைக்கும் வராது.

தங்கச்சி வீட்டு நறுக்கு மலையாளத்துலதான் இருக்கணும். அதனால நான் எழுத்துப் பழகிக்கிட்டிருக்கேன். வட்டம் வட்டமா நிறைய வருது, எங்க நிறுத்தணும்னு தெரியல. உங்க அம்மா பேரைப் பெருசா எழுதி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, பார்த்துப் பார்த்து எழுதுறேன்.

பாகு மூணு ஈடாவே வைப்போம். விறகு தள்ளுறது நான், மாவு கொட்டுறது நான். உருளிப் பக்கம் நீங்க நில்லுங்க. நீங்க "ஆயி"ன்னு சொல்றவரைக்கும் நான் துணியைக் கையில எடுக்க மாட்டேன்.

கருப்பட்டியை நானே மார்த்தாண்டத்துல வாங்கிக் கொண்டுவந்துடுறேன். பயறை மட்டும் அங்க சொல்லி வையுங்க.