கட்டிப்போட்ட படகில் சோதித்தால் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

மீன்பிடிப் படகுகளில் டிரான்ஸ்பாண்டர், அதாவது செயற்கைக்கோள் வழியாகக் கரையோடு சேதி பரிமாறும் கருவி, பொருத்துவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை எங்கள் வீட்டில் எல்லோரும் வாசித்தோம். என் அண்ணன் இருபது வருடமாக ஆழ்கடல் போகிறவர்.

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் படகுகள் பல கரையை விட்டுப் போய் நாள் கணக்காகி இருந்தது. படகில் ஜிபிஎஸ் உண்டு. எங்கே நிற்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். அதைக் கரைக்குச் சொல்லத்தான் வழியில்லை. வயர்லெஸ் இருபது, இருபத்தைந்து கடல் மைலுக்கு மேல் எட்டாது. ஒரு படகு கேட்டு அடுத்த படகுக்குச் சொல்லி வந்த சேதிதான் எங்களுக்குக் கிடைத்தது. அம்மா அந்த நாட்களில் போனைக் கையை விட்டுக் கீழே வைக்கவே இல்லை.

2019-இல் வந்த ஜெமினி கருவி எச்சரிக்கையை வாங்கும், பதில் அனுப்பாது. இப்போது தரும் இஸ்ரோ டிரான்ஸ்பாண்டரில் ஜிசாட்-6 செயற்கைக்கோள் வழியாகச் சேதி போகவும் வரவும் செய்யும். 2024 ஆகஸ்டில் தொடங்கிய திட்டத்தில் ஒரு லட்சம் படகுகளுக்கு 364 கோடி ரூபாய் செலவில் இலவசமாகத் தருகிறார்கள். மனதார வரவேற்கிறேன்.

என் கவலையெல்லாம் சோதனை பற்றித்தான். அண்ணன் படகில் கருவி பொருத்த வந்தவர்கள் துறைமுகத்திலேயே ஒரு சேதி அனுப்பி, பச்சை விளக்கைக் காட்டி, கையெழுத்து வாங்கிப் போனார்கள். பதினோராம் நாள் நடுக்கடலில் விளக்கு அணைந்துவிட்டது. கரைக்கு வந்து கழற்றினால் கேபிள் சேருகிற இடத்தில் உப்புப் பூத்து, உள்ளே கம்பி பச்சை பிடித்துக் கிடந்தது.

துறைமுகத்தில் சிக்னல் கிடைக்கத்தான் செய்யும். ஜிசாட்-6 நிற்பது 83 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு நேர் மேலே. குமரிக் கரைக்கு ஏறக்குறைய தலைக்கு மேலே. ஓமன் பக்கம் போகப் போக அது கிழக்கே சரியும். படகு அலையில் உருளும்போது கேபினும் கம்பமும் மறைக்கும். அதோடு, கருவி எட்டும் தூரம் என்று சொல்லப்படுவது கரையிலிருந்து 200 கடல் மைல் வரையுள்ள நம் நாட்டுப் பொருளாதார மண்டலம் வரைதான். எங்கள் ஊர்ப் படகுகள் அதையும் தாண்டிப் போகின்றன. அங்கே என்ன ஆகும் என்று போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டாமா?

சில படகுகளில் ஒரு முழுப் பயணத்துக்கு ஆள் அனுப்புங்கள். மழையோ காற்றோ, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சேதி அனுப்பி, பதில் வந்ததா, எத்தனை நிமிடத்தில் வந்தது, அப்போது படகு எங்கே நின்றது என்று ஒரு நோட்டில் குறிக்கட்டும். அவசரப் பொத்தானையும் முன்கூட்டியே சொல்லிவிட்டு நடுக்கடலில் அமுக்கிப் பார்க்க வேண்டும். அமுக்கியது கரையில் யாருக்காவது கிடைத்ததா என்று தெரியாமல் தவிப்பது கொடுமை. அப்புறம் அந்தக் கணக்கை மீன் இறக்கும் இடத்தில் ஒட்டுங்கள். குறை இருந்தாலும் பரவாயில்லை, தெரிந்தால் அதற்கேற்ப நடந்துகொள்வோம்.

ஜூலை 31-இல் தடைக்காலம் முடிந்ததும் அண்ணன் படகு கிளம்புகிறது. கூட வர அதிகாரி ஒருவர் தயார் என்றால் படகில் இடமும் சாப்பாடும் உண்டு என்று எழுதச் சொன்னார்.

– வாசகர்,
சின்னத்துறை, கன்னியாகுமரி மாவட்டம்