ஒரே பெயர், இரண்டு ஆட்கள்

பொகவந்தலாவை
ஞாயிறு மாலை

அன்பு நண்பா,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனம் ஆறியது. இங்கே ஒரு வாரமாக விடாத மழை. மேல்மலை சரிந்துவிடக்கூடாதே என்ற பயத்தோடுதான் லய வீடுகளில் கண்ணயர்கிறார்கள். மற்றபடி எல்லோரும் நலம்.

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் செயலியின் புதிய பதிப்பைக் கடைசி நேரத்தில் நிறுத்தச் சொன்னது நீதான் என்றும், அதற்குப் பிறகு வந்த வசவுகளைப் படித்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை என்றும் எழுதியிருந்தாய். அந்த வசவுகளில் ஒன்று எங்கள் தோட்ட அலுவலகத்திலிருந்து வந்தது. "மூன்று மாதமாக ஏமாற்றுகிறீர்கள்" என்று எழுதியவன் நான். நீ அங்கே உட்கார்ந்து படிப்பாய் என்று நினைக்கவில்லை. மன்னித்துக்கொள். ஆனால் அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பதையும் நீ கேட்க வேண்டும்.

நாம் சின்ன வயதில் பார்த்த, கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவம் இப்போது இல்லை. பையைத் தராசில் மாட்டியதும் எடை, வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையின் கைபேசிக்குப் போய்விடுகிறது. பக்கத்திலிருக்கும் சின்ன இயந்திரம் சீட்டை அச்சடித்துத் தள்ளுகிறது. அதில் எண், ஆங்கிலத்தில் பெயர், கிலோக் கணக்கு. ஓர் அக்கா இருக்கிறார். கை ஈரத்தைத் தலைத்துண்டில் துடைத்துவிட்டுத்தான் சீட்டை வாங்குவார். வாங்கியதும் என்னிடம் நீட்டி, "தம்பி, இது என் பெயர்தானா?" என்பார். தமிழ் சரளமாகப் படிப்பவர். நான் ஆம் என்ற பிறகுதான் சீட்டை நான்காக மடித்துச் சுருக்குப்பைக்குள் வைப்பார். புதிய பதிப்பில் பெயர் தமிழில் வரும் என்று காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நான் அறிவித்த அன்று, "இனி நானே படித்துக்கொள்வேன்" என்று சொன்னவரும் அவர்தான்.

பெயர் நமக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும். இலங்கையின் 1948 ஆம் ஆண்டுச் சட்டம் நம் மலையக மக்களிடமிருந்து பறித்த குடியுரிமை, எஞ்சியவர்களுக்கும் கிடைக்க 2003 ஆயிற்று. பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் வேறோர் எழுத்து என்று கச்சேரிக்கு, அந்த அரசு அலுவலகத்துக்கு, அலைந்த கதை உங்கள் வீட்டிலும் உண்டு, எங்கள் வீட்டிலும் உண்டு. அப்படிப்பட்டவர்களிடம் போய், "தொழில்நுட்பக் காரணங்களால் தாமதம்" என்று ஆங்கிலத்தில் வந்த ஒற்றை வரியை நான் வாசித்துச் சொன்னேன். தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் எழுந்து, "தமிழில் போட மனமில்லை, அதுதான் காரணம்" என்றார். யாரும் மறுக்கவில்லை. என்னிடமும் பதில் இல்லை.

உண்மைக் காரணத்தை உன் கடிதத்தில்தான் படித்தேன். இரண்டு முறை படித்தேன். 'யோ' என்ற எழுத்தின் குறியைக் கணினிக்குள் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், இரட்டைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டுக்கும் துளி வித்தியாசம் தெரியாது. எழுத்துகளுக்குக் கணினிக் குறியீடு வகுக்கும் யூனிகோடு முறைப்படி இரண்டும் ஒன்றே. ஆனால் ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். உங்கள் செயலி அதைச் செய்யவில்லை. அலுவலகக் கணினியில் நான் தட்டிய பெயரும் கைபேசியில் கணக்கப்பிள்ளை தட்டும் பெயரும் அதற்கு வெவ்வேறு ஆட்கள். அந்த அக்காவின் பெயரிலும் 'யோ' இருக்கிறது. காலையில் 10 கிலோ ஓர் ஆளுக்கு, மாலையில் 9 கிலோ இன்னோர் ஆளுக்கு. எங்கள் தோட்டத்தில் முழுப்பேருக்கு, அதாவது முழுநாள் சம்பளத்துக்கு, 18 கிலோ வேண்டும். 19 கிலோ பறித்தவர் அரைப்பேரோடு வீட்டுக்குப் போயிருப்பார். இதைப் படித்தபோது எனக்கு வயிறு கலங்கியது. கொழுந்து, கொழும்பு, பொகவந்தலாவை என்று நாம் எழுதும் பாதிச் சொற்களில் இந்தக் கொம்பும் காலும் இருக்கின்றனவே!

"சில பெயர்களில்தானே, வெளியிட்டுவிட்டுத் திருத்தலாம்" என்று உன் மேலாளர் சொன்னாராம். 2018 அக்டோபர் 2 அன்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10 இன் புதிய பதிப்பை வெளியிட்டது நினைவிருக்கிறதா? சிலருடைய கோப்புகள் அழிந்ததால் நான்கே நாளில் நிறுத்தினார்கள். அப்படி முறையிட்டவர்கள் பத்தாயிரத்தில் ஒருவர் என்று அவர்களே சொன்னார்கள். சோதனைக் கட்டத்திலேயே சிலர் இதே குறையைச் சொல்லியிருந்தும் அது எவர் கண்ணிலும் படவில்லை. மறுபடி வெளியிட நவம்பர் 13 ஆயிற்று. அழிந்தவை குடும்பப் படங்களாக இருந்தால் அந்த ஒருவருக்குப் பத்தாயிரம் என்ற கணக்கு எதற்கு? நீ முன்கூட்டியே நிறுத்தினாய். நீ செய்தது சரி. இதை நான் முகத்துக்காகச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பிரட்டுக்களத்தில் கரும்பலகையை வைத்து, 'யோ' வை ஒரு முறை சேர்த்தும் ஒரு முறை பிரித்தும் எழுதிக் காட்டினேன். முதலில் முணுமுணுப்பு. பிறகு அவரவர் தம் பெயரை உரக்கச் சொல்லி, இது அகப்படுமா, அது அகப்படுமா என்று கேட்கத் தொடங்கினார்கள். பட்டியலில் விரல் வைத்து எண்ணினோம்: 62 பெயரில் 13. தலைவர் நெடுநேரம் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மகளின் பெயரும் அந்தப் பதின்மூன்றில் ஒன்று. "சரியாகும்வரை ஆளின் எண்ணை வைத்தே கணக்குப் போடட்டும், அவசரப்பட வேண்டாம்" என்று அவரே சொன்னார். அக்கா மட்டும் திருப்தியடையவில்லை. இன்னும் எத்தனை மாதம் என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது.

ஆகையால் உன் நிறுவனத்திடம் இரண்டு விஷயங்களைச் சொல். தாமதமானால் காரணத்தைத் தமிழில், முழுதாக எழுதி அனுப்பட்டும், எங்களுக்குப் புரியும். இன்னொன்று, சோதனையைக் கொழும்பிலேயே முடித்துவிட வேண்டாம். வெளியிடுவதற்கு முன் ஒரு நாள் நீயே இங்கே வா. ஈரக்கையும் மூடுபனியும் சிக்னல் இல்லாத மலையும் இங்கேதான் இருக்கின்றன. அந்த 13 பேரும் கொழுந்தை நிறுத்துக் காட்டச் சம்மதித்திருக்கிறார்கள். ஹட்டனில் ரயிலை விட்டு இறங்கினால் நான் வந்து அழைத்துப் போகிறேன். முதல் தமிழ்ச் சீட்டை அக்காவின் கையில் நீயே கொடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்